கார்பன் டை ஆக்சைடு கூடினால் இலை எதைக் குறைக்கும்?

"கார்பன் டை ஆக்சைடுதானே செடிக்குச் சாப்பாடு? அது காற்றில் கூடினால் நல்லதுதானே?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பாதி சரி.

அந்தப் பாதியை முதலில் முடித்துவிடலாம். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த இந்த வாயு, இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. அதைப் பிடிக்கிற ரூபிஸ்கோ நொதி அடிக்கடி தவறுதலாக ஆக்சிஜனையும் பிடித்துவிடும். கார்பன் டை ஆக்சைடு கூடும்போது அந்தத் தவறு குறைவதால் நெல், கோதுமை போன்றவை வேகமாக வளர்கின்றன. மக்காச்சோளமும் கரும்பும் ரூபிஸ்கோவைச் சுற்றி ஏற்கெனவே இந்த வாயுவைச் செறிவாக்கி வைத்துக்கொள்கின்றன, அதனால் அவற்றுக்குப் பெரிய லாபமில்லை. இலைத்துளைகள் கொஞ்சம் சுருங்குவதால் தண்ணீரும் மிச்சமாகும். ஆனால் நெல்லிலும் கோதுமையிலும் புரதம், இரும்பு, துத்தநாகத்தின் விகிதம் குறைந்துவிடுகிறது.

அப்புறம் இலை காற்றில் விடும் கார்பன் கலந்த ஆவிகளுக்கு வருவோம். அவற்றில் முதலிடம் ஐசோப்ரீனுக்கு: ஐந்து கார்பன், எட்டு ஹைட்ரஜன், அவ்வளவுதான். இலை இதை வெளிவிடுவதை 1950களில் கண்டறிந்தவர் ஜார்ஜியா நாட்டு விஞ்ஞானி சனாட்சே. பாப்லர், ஓக், யூக்கலிப்டஸ் எல்லாம் இதைத் தாராளமாக விடுகின்றன. உலகத் தாவரங்கள் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 50 கோடி டன் விடுகின்றன. பாடுபட்டுப் பிடித்த கார்பனை இப்படிக் காற்றில் விடுவானேன்? திடீர் வெப்பத்திலிருந்து ஒளிச்சேர்க்கை அமைப்பை ஐசோப்ரீன் காக்கிறது.

என்னை மயக்குவது இனிமேல்தான். ஒரு பாப்லர் இலையைக் கண்ணாடிக் கூண்டில் அடைத்து, உள்ளே கார்பன் டை ஆக்சைடை ஏற்றுங்கள். சில நிமிடங்களில் ஒளிச்சேர்க்கை ஏறும், ஐசோப்ரீன் இறங்கும்! கார்பன் கூடுதலாகக் கிடைக்கும்போது கார்பன் சரக்கு ஏன் குறைய வேண்டும்? ஐசோப்ரீன், இலைச் செல்லில் ஒளிச்சேர்க்கை நடக்கும் பசுங்கணிகத்துக்குள்ளே தயாராகிறது. அதற்குக் கார்பனோடு ஏ.டி.பி.யும் என்.ஏ.டி.பி.எச்.சும் வேண்டும், அதாவது ஒளியிலிருந்து பிடித்த ஆற்றல். சர்க்கரை செய்யும் சுழற்சிக்கும் அதே ஆற்றல்தான். கார்பன் டை ஆக்சைடு கூடியதும் அந்தச் சுழற்சி முழுவீச்சில் ஓடி ஆற்றலை இழுத்துக்கொள்கிறது. ஒரே குழாயில் இரண்டு குடம் பிடிக்கிற கதை. ஒன்று வேகமாக நிரம்பினால் மற்றதற்குச் சொட்டுதான். ஐசோப்ரீனுக்கான மூலப்பொருளில் ஒரு பகுதி பசுங்கணிகத்துக்கு வெளியிலிருந்து வர வேண்டும், அங்கே வேறொரு நொதி அதைத் திருப்பிவிடுகிறது என்று இன்னொரு விளக்கமும் உண்டு. எனக்கு ஆற்றல் கணக்குதான் அதிகம் பொருந்துவதாகப் படுகிறது. வெப்பம் கூடும்போது இந்தத் தடை தளர்ந்துபோகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சிக்கலே அங்குதான். கார்பன் டை ஆக்சைடு ஐசோப்ரீனைக் குறைக்கப் பார்க்கிறது, அதே வாயு கொண்டுவரும் வெப்பம் அதைக் கூட்டப் பார்க்கிறது. மரம் செழித்து இலைப்பரப்பு பெருகினால் மொத்தமும் கூடும். வாகனப் புகையின் நைட்ரஜன் ஆக்சைடுகளோடு வெயிலில் சேரும்போது ஐசோப்ரீன் தரையருகே தீங்கான ஓசோன் உருவாகத் துணைபோவதால், எந்தப் பக்கம் ஜெயிக்கிறது என்பது நாம் சுவாசிக்கும் காற்றின் விஷயம்.

இதைக் கூண்டில் வைத்துத் தீர்த்துவிட முடியாது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் ஸ்வீட்கம் மரத்தோப்பு ஒன்றுக்கு ஆண்டுக்கணக்கில் கார்பன் டை ஆக்சைடு ஊட்டினார்கள். சாதாரணக் காற்றில் வளர்ந்த மரங்களோடு ஒப்பிட்டால் 2001-2003ல் 24 சதவீதமாக இருந்த வளர்ச்சி லாபம், மண்ணில் நைட்ரஜன் போதாமல் 2008ல் 9 சதவீதத்துக்குச் சரிந்தது. மூன்றே ஆண்டில் நிதி நின்றிருந்தால் "மரங்கள் கொழிக்கின்றன" என்று முடிவு எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். ஆய்வு நிதியை இரண்டு மூன்று ஆண்டுத் துண்டுகளாக வெட்டித் தரும் வழக்கம் மரங்களைப் பொறுத்தவரை வீண் செலவு என்றே சொல்வேன். வெப்பத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் சேர்த்தே ஏற்றி, இருபது ஆண்டாவது அளக்கிற திறந்தவெளிக் காடுகள் வேண்டும், முக்கியமாக ஐசோப்ரீன் மிகுதியாக எழும் வெப்பமண்டலத்தில்.