அப்பாவுக்கு ஒரு மாத லீவு, சுவருக்குள் ரப்பர்

"ஜப்பானில் வீடு கட்டிக் கொடுக்கும் ஒரு கம்பெனி, குழந்தை பிறந்த அப்பாக்களை ஒரு மாதம் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறதாமே, அப்புறம் வேலை எப்படி நடக்கும்? நிலநடுக்கம் வரும் நாடு வேறு. ஃபேக்டரியில் செய்து லாரியில் கொண்டுவந்து பூட்டும் வீடு தாங்குமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இரண்டும் நல்ல கேள்விகள். முதலாவதற்குச் சுருக்கமாகப் பதில் சொல்லிவிட்டு இரண்டாவதில் நிதானமாக உட்காரப் போகிறேன். எனக்குப் பிடித்த இயற்பியல் அங்கேதான் இருக்கிறது.

அவர் சொல்வது செகிசுய் ஹவுஸ் நிறுவனத்தை. ஒசாகாவைத் தலைமையிடமாகக் கொண்டு 1960-இல் தொடங்கியது. இதுவரை 25 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டியிருக்கிறது. 2018-இல் அதன் தலைவர் யோஷிஹிரோ நகாய் ஸ்வீடனுக்குப் போயிருந்தபோது, ஸ்டாக்ஹோம் பூங்காவில் குழந்தை வண்டிகளைத் தள்ளிக்கொண்டு போகிறவர்களில் பெரும்பாலானோர் ஆண்களாக இருப்பதைப் பார்த்தார். ஊர் திரும்பியதும் அதே ஆண்டு செப்டம்பரில் விதி வந்தது: மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள ஆண் ஊழியர் எல்லோரும் குறைந்தது ஒரு மாதம் லீவு எடுத்தே ஆக வேண்டும். அந்த மாதத்துக்குச் சம்பளம் உண்டு. நான்கு தவணையாகப் பிரித்தும் எடுக்கலாம். லீவுக்கு முன்னால் கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும்: வீட்டு வேலையில் எதை யார் செய்வது, எவ்வளவு செய்வது என்று. இந்தப் படிவம்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அது இல்லாவிட்டால் லீவு வெறும் ஓய்வாகப் போய்விடும்.

ஜப்பானியச் சட்டம் ஆண்களுக்கும் நீண்ட குழந்தை வளர்ப்பு லீவைப் பல காலமாகவே அனுமதிக்கிறது. ஆனாலும் 2018-இல் அதை எடுத்த ஆண்கள் 6.16 சதவீதம்தான். உரிமை இருந்தது, ஆனால் மேனேஜர் முகம் சுளிப்பாரோ என்ற பயமும் இருந்தது. 'எடுக்கலாம்' என்பதை 'எடுத்தாக வேண்டும்' என்று மாற்றியதும் அந்தப் பயத்துக்கு இடமில்லாமல் போனது. 2022-இல் திருத்திய சட்டமும் நடைமுறைக்கு வந்தது; 2023-இல் நாடு முழுவதும் விகிதம் 30.1 சதவீதம் ஆனது.

சரி, வேலை எப்படி நடக்கிறது? பிரசவம் திடீரென்று வருவதில்லை; பல மாதங்களுக்கு முன்பே தெரியும். திட்டத்தை முன்கூட்டியே மேலதிகாரியிடம் கொடுத்துவிட்டால் வேலையைப் பங்கிட்டுக்கொள்ள நேரம் இருக்கிறது. ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஜப்பானியக் கட்டுமானத் துறையில் தளத்து வேலை பெரும்பாலும் துணை ஒப்பந்தக்காரர்களின் கையில் இருக்கிறது. விற்பனையிலும் வடிவமைப்பிலும் இருக்கும் ஊழியருக்குக் கிடைக்கும் லீவு, சுத்தியல் பிடிக்கும் எல்லாத் தச்சர்களுக்கும் அப்படியே கிடைத்துவிடாது. 1997-இல் அந்தத் துறையில் சுமார் 68.5 லட்சம் பேர் இருந்தார்கள். இப்போது 50 லட்சத்துக்கும் கீழே. அதிலும் மூன்றில் ஒருவருக்கு மேல் 55 வயதைத் தாண்டியவர்கள். இளைஞர்களை இழுக்க வேண்டுமென்றால் குடும்பத்தோடு வாழ விடும் வேலையாக அது மாறித்தான் ஆக வேண்டும்.

குழந்தைகள் பற்றிய பேச்சில் ஒரு மூடநம்பிக்கையையும் சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் 60 ஆண்டுக்கு ஒருமுறை வரும் 'நெருப்புக் குதிரை' ஆண்டில் பிறக்கும் பெண், கணவனின் ஆயுளைக் குறைப்பாள் என்று ஒரு நம்பிக்கை. 1966 அப்படி ஓர் ஆண்டு. 1965-இல் 18 லட்சத்துக்கும் மேலாக இருந்த பிறப்புகள், அந்த ஒரே ஆண்டில் சுமார் 13.6 லட்சத்துக்கு இறங்கி, அடுத்த ஆண்டு மறுபடி ஏறின. ரயில்களை மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டத் தொடங்கியிருந்த நாட்டில் இது நடந்தது. 2026-உம் அதே குதிரை ஆண்டுதான். செவ்வாய் தோஷத்தைக் காட்டிப் பெண் பிள்ளைகளை இன்றும் ஒதுக்கும் நமக்கு அவர்களைப் பார்த்துச் சிரிக்க உரிமை இல்லை. ஒரு பிள்ளை எப்படி வளரும் என்பதில், அது பிறந்த ஆண்டின் பெயரைவிட, இரவில் எழுந்து அதைத் தூக்கிக்கொள்ள வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதற்குத்தான் பங்கு அதிகம்.

இனி வீட்டுக்கு வருவோம். ஜப்பானில் ஃபேக்டரி வீடு பிறந்ததே பிள்ளைகளுக்காகத்தான் என்பது பலருக்குத் தெரியாது. போருக்குப் பின் பிறப்புகள் பெருகி, சின்ன வீடுகளில் பிள்ளைகளுக்கு இடம் இல்லாமல் போன காலத்தில், 1959-இல் டைவா ஹவுஸ் என்ற இன்னொரு நிறுவனம் தோட்டத்து மூலையில் மூன்றே மணி நேரத்தில் நிறுத்திவிடக்கூடிய ஒரு படிப்பறையை விற்றது. அங்கிருந்து வளர்ந்த முறைதான் இன்றைய வீடுகள் வரை வந்திருக்கிறது. செகிசுய் ஹவுஸில் எஃகுத் தூண்களும் உத்தரங்களும் ஃபேக்டரியிலேயே வெட்டி, துளையிட்டு, பெயின்ட் அடிக்கப்படுகின்றன. வெளிச்சுவர்ப் பலகைகளும் அங்கேதான் வார்க்கப்படுகின்றன. தளத்தில் போல்ட் போட்டு முறுக்கும் வேலைதான் முக்கியம். மழையில் நனையும் நாட்கள் குறைகின்றன. மிச்சம் மீதியும் குறைகிறது. மிஞ்சிய குப்பையைக்கூடத் தளத்திலேயே 27 வகையாகப் பிரித்து மூட்டை கட்டித் திருப்பி அனுப்புகிறார்கள்.

இப்படிப் பூட்டிய வீடு நிலநடுக்கத்தைத் தாங்குமா? இங்கேதான் சுவருக்குள் இருக்கும் ரப்பரின் கதை ஆரம்பிக்கிறது.

நிலநடுக்கம் வீட்டை மேலிருந்து அமுக்குவதில்லை. தரையைப் பக்கவாட்டில் இழுக்கிறது. தரை நகர்ந்துவிடும், கூரை தன் நிலைமத்தால் பின்தங்கும். சுவர்கள் சாய்சதுரமாகக் கோணிக்கொள்ளும், பிறகு திரும்பும், மறுபக்கம் கோணும். ஒவ்வொரு வீட்டுக்கும் சொந்தமாக ஓர் ஆட்டக் காலம், அதாவது ஒருமுறை ஆடித் திரும்ப ஆகும் நேரம், உண்டு. எடை கூடினால் அது நீளும். விறைப்பு கூடினால் குறுகும். இரண்டு மாடி வீட்டுக்கு அது பொதுவாக 0.2 முதல் 0.5 நொடி வரை. தரை ஆடும் தாளமும் வீட்டின் தாளமும் ஒன்றாகிவிட்டால் ஒத்ததிர்வு: ஆட்டம் பெருகிக்கொண்டே போகும். இதுவரை பள்ளிக்கூடப் பாடம்தான்.

பாடத்தில் வராத ஒன்று இருக்கிறது. 1995 ஜனவரி 17 அன்று கோபே நகரை உலுக்கிய நிலநடுக்கத்தில் 6,400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலானோர் இடிந்த வீடுகளுக்கு அடியில். அந்த அதிர்வில் மிக வலுவாக இருந்தது 1 முதல் 2 நொடிக் கால அலை. 0.3 நொடி வீட்டுக்கும் 1 நொடி அலைக்கும் தாளம் பொருந்தாதே, பிறகு ஏன் விழுந்தன? முதல் சில உலுக்கல்களில் ஆணிகள் இளகுகின்றன, பூச்சு உதிர்கிறது, மூட்டுகள் தளர்கின்றன. விறைப்பு நான்கில் ஒன்றாகக் குறைந்தால் ஆட்டக் காலம் இரண்டு மடங்காகும். 0.3 நொடி 0.6 ஆகும், இன்னும் தளர்ந்தால் 1 நொடியை எட்டும். அதாவது அடி வாங்கிய வீடு, தன்னைக் கொல்லப் போகும் அலையின் தாளத்தை நோக்கித் தானே நகர்கிறது. முதல் முறை இதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு யோசித்துக்கொண்டிருந்தேன். 2016 ஏப்ரலில் குமமோட்டோவில் 14-ஆம் தேதி இரவு ஒரு பெரிய அதிர்ச்சி. சுமார் 28 மணி நேரம் கழித்து 16-ஆம் தேதி அதிகாலை அதைவிடப் பெரியது. முதலாவதைத் தாங்கி நின்ற வீடுகள் பல இரண்டாவதில் விழுந்ததற்கும் இந்தத் தளர்ச்சி ஒரு முக்கியக் காரணம்.

ஆகவே சுவரைக் கெட்டியாக்குவது மட்டும் போதாது. ஆட்டத்தின் ஆற்றலை, மூட்டுகளைத் தின்னவிடாமல், வேறு எங்காவது கொண்டுபோய்ச் செலவழிக்க வேண்டும். செகிசுய் ஹவுஸின் 'ஷீகாஸ்' அமைப்பு அதைத்தான் செய்கிறது. சில சுவர்களின் எஃகுச் சட்டகத்துக்குள் சாய்வுக் கம்பிகள் வருகின்றன. கூரையின் அசைவை அவை எஃகுத் தகடுகளுக்கு நடுவே ஒட்டப்பட்ட ஒரு ரப்பர் பட்டைக்குக் கொண்டுபோகின்றன. சுவர் கோணும்போது தகடுகள் எதிரெதிராக வழுக்க, நடுவில் உள்ள ரப்பர் பக்கவாட்டில் இழுபடுகிறது. இழுபட்ட ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ஆற்றலை வெப்பமாக்கிவிடுகிறது.

ரப்பர் அதை எப்படிச் செய்கிறது? ஓர் அகலமான ரப்பர் பேண்டைச் சட்டென்று இழுத்து உதட்டில் வையுங்கள், சூடு தெரியும். இழுத்தபடியே சிறிது நேரம் ஆறவிட்டு, விட்டவுடன் மறுபடி வையுங்கள்; சில்லென்றிருக்கும். ஜான் காஃப் என்ற பார்வையற்ற ஆங்கிலேயர் 1805-இல் வெளியிட்ட சோதனை இது. ரப்பருக்குள் நீளமான மூலக்கூறுச் சங்கிலிகள் இடியாப்பம்போலச் சிக்கிக் கிடக்கின்றன. ஆங்காங்கே கந்தகம் அவற்றை முடிச்சுப் போட்டிருக்கிறது. இழுத்தால் நேராகின்றன, விட்டால் வெப்ப அசைவினாலேயே மீண்டும் சிக்குகின்றன. இழுக்கும்போது வந்த வெப்பம் விடும்போது பெரும்பாலும் திரும்பிப் போய்விடுகிறது. அதாவது நல்ல ரப்பர் பேண்ட் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிடும். வீட்டுக்கு அது உதவாது.

வீட்டுக்கு வேண்டியது, வாங்கியதைத் திருப்பித் தராத ரப்பர். அதற்காகக் கரித்தூள் போன்ற நுண்துகள்களையும் பிசின்களையும் சேர்க்கிறார்கள். சங்கிலிகள் இப்போது துகள்களின் மேல் உரசி நகர வேண்டும். துகள் கொத்துகள் உடைந்து மறுபடி சேர வேண்டும். இதற்கெல்லாம் நேரம் பிடிக்கும். விசைக்கும் அசைவுக்கும் நடுவே ஒரு சிறு தாமதம் வருகிறது. விசையையும் நீட்சியையும் வரைபடத்தில் போட்டால், போகும்போது ஒரு பாதை, திரும்பும்போது வேறு பாதை; இரண்டும் சேர்ந்து ஒரு மூடிய வளையம். அந்த வளையத்தின் பரப்பளவுதான் ஒரு சுற்றில் வெப்பமாகிப்போன ஆற்றல்.

இந்தக் கசிவு எவ்வளவு பெரிய வித்தியாசம் செய்யும்? ஒத்ததிர்வில் தொடர்ந்து ஆடும் பொருளின் வீச்சு, ஆட்டம் தணியும் விகிதத்தைப் பொறுத்தது (ஆட்டம் எழவே விடாத தணிப்பை 100 சதவீதம் என்று கொள்வார்கள்). அது 2 சதவீதமானால் வீச்சு 25 மடங்கு பெருகும். 10 சதவீதமானால் 5 மடங்குதான். நிலநடுக்கம் அவ்வளவு நேரம் ஒரே தாளத்தில் ஆட்டாது என்பதால் நிஜத்தில் இடைவெளி குறையும். ஷீகாஸ் வீட்டின் கோணல் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என்கிறது நிறுவனம். பாதியானால் மூட்டுகள் அவ்வளவாக இளகாது. இளகாவிட்டால் ஆட்டக் காலமும் நீளாது. கொல்லும் தாளத்துக்கு வீடு எட்டாமலே நிற்கும்.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். 40 டன் வீடு நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் ஆடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அரை எம் வி ஸ்கொயர்: 5,000 ஜூல். ஒரு லிட்டர் தண்ணீரை 1.2 டிகிரி மட்டும் சூடாக்கும் வெப்பம் அது! இருபது முறை ஆட்டி அத்தனை ஆற்றலையும் சேர்த்தாலும் அந்தத் தண்ணீர் கொதிக்காது. சில நொடிகளில் சில மூட்டுகளின் மேல் குவிந்தால் குடும்பத்தையே புதைத்துவிடும் ஆற்றல், ரப்பருக்குள் பரவினால் தொட்டுப் பார்க்கும் சூட்டுக்குமேல் போவதில்லை.

ரப்பருக்குக் குறைகளும் உண்டு. குளிரில் விறைக்கும், வெயிலில் இளகும், ஆண்டுகள் போனால் முதுமை வரும். வெயில் படாத சுவருக்குள் அது இருப்பது நல்லது. என்றாலும் உண்மையான வீட்டை உண்மையாகவே உலுக்கிப் பார்க்காமல் நம்ப முடியாது. அதற்கென்றே ஜப்பான் அரசு கோபேக்கு அருகே மிகி நகரில் 20-க்கு 15 மீட்டர் அளவில், 1,200 டன் கட்டடத்தைத் தாங்கி ஆட்டும் மேடை ஒன்றைக் கட்டி 2005-இல் இயக்கத் தொடங்கியது. அதே ஆண்டு இரண்டு பழைய மர வீடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, ஒன்றை மட்டும் வலுப்படுத்தி, கோபேயில் பதிவான அதே அதிர்வைக் கொடுத்தார்கள். வலுப்படுத்தாதது நொறுங்கி விழுந்தது, மற்றது நின்றது. எந்தக் கம்பெனியும் தன் லாபத்திலிருந்து இப்படி ஒரு மேடையைக் கட்டாது. பொதுப் பணம்தான் கட்டும். நம் தரமணியிலும் கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையத்தில் ஆட்டு மேடை இருக்கிறது. சென்னைக்கும் மிதமான நிலநடுக்க ஆபத்து இருக்கும்போது, அந்த ஆய்வுக்குச் செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாயும் நியாயமானது என்பேன். வாஸ்துவுக்காகச் சமையலறையை இடித்துக் கட்டும் பணத்தில் ஒரு பகுதியை மண் பரிசோதனைக்குக் கொடுத்தால்கூடப் பெரிய மாற்றம் வரும்.

"இதெல்லாம் இங்கே வருமா?" என்றும் அந்த வாசகர் கேட்டிருந்தார். ஃபேக்டரியில் வார்த்துக் கொண்டுவரும் முறை வந்தேவிட்டது: பெரும்பாக்கத்தில் 1,152 வீடுகள் அப்படிக் கட்டப்பட்டு 2022-இல் திறக்கப்பட்டன. அப்பாக்கள் லீவு விஷயத்தில்தான் பின்தங்கியிருக்கிறோம். மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள்; தனியார் துறைக்குச் சட்டம் இல்லை. அதைவிட அவசரமானது இன்னொன்று. நம் ஊர்க் கட்டடங்களில் சித்தாள் வேலை பார்க்கும் பெண்களின் பிள்ளைகள் ஜல்லிக் குவியலுக்கும் கலவை மெஷினுக்கும் நடுவில்தான் வளர்கிறார்கள். 50-க்கு மேல் பெண்கள் வேலை செய்யும் தளத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அறையும், பார்த்துக்கொள்ளப் பயிற்சி பெற்ற பெண்ணும் வேண்டும் என்று 1996-ஆம் ஆண்டுக் கட்டடத் தொழிலாளர் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். பிளாட் பார்க்கப் போகும்போது கார் நிறுத்துமிடம், தண்ணீர் வசதி எல்லாம் விசாரிக்கிறோம். கட்டுகிறவர்களின் பிள்ளைகளுக்கான அறை எங்கே என்றும் கேளுங்கள், காட்டச் சொல்லுங்கள்.