கூழ் இறங்குது, தண்ணி ஏன் புரையேறுது?

அம்மாபேட்டையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "பக்கவாதம் வந்த அப்பாவுக்குக் கூழ் நல்லா இறங்குது. தண்ணி குடிச்சா மட்டும் புரையேறுது. கெட்டியானதுதானே சிக்கணும்?"

ஏற்காட்டுக்கு பஸ்ஸில் போயிருப்பீர்கள். 20 கொண்டை ஊசி வளைவுகள் முடிவதற்குள் காது அடைத்துக்கொள்ளும். எச்சில் விழுங்கினால் 'பொளக்' என்று திறக்கும். மெல்லண்ணத்தை (வாயின் மேற்கூரையில் பின்பக்க மெத்துப் பகுதி) இழுத்து விறைப்பாக்கும் தசைதான் நடுக்காதுக்குப் போகும் குழாயையும் திறந்துவிடுகிறது. ஒரு மிடறுக்கு இப்படி 25-க்கும் மேற்பட்ட தசை ஜோடிகள் உழைக்கின்றன.

மெல்லுவதும் நாக்கால் பின்னுக்குத் தள்ளுவதும் நம் இஷ்டம். அதன்பிறகு பொறுப்பு மூளைத்தண்டின் அடியிலுள்ள முகுளத்துக்கு. எந்தத் தசை எப்போது சுருங்க வேண்டும் என்ற வரிசை அங்கேதான் இருக்கிறது.

இப்போது தொண்டை மேட்டில் விரலை வைத்து விழுங்குங்கள். மேடு எழும்பி முன்னால் நகர்கிறதா? எனக்குச் சலிக்காத இடம் இது. அந்த ஒரே இழுப்பில் இரண்டு வேலை முடிகிறது. அந்த மேடுதான் குரல்வளை, அது நாக்கின் அடிவேருக்குக் கீழே போய் ஒதுங்கிக்கொள்கிறது. குரல் நாண்கள் சேர்ந்து மூட, குரல்வளைமூடி என்ற மடல் மேலே கவிகிறது. எப்போதும் இறுக மூடியிருக்கும் உணவுக்குழாயின் வாயை, குரல்வளை முன்னால் போகிற போக்கில் இழுத்துத் திறந்துவிடுகிறது. மூச்சு நின்றிருக்கும். எல்லாம் சுமார் ஒரு நொடிக்குள். முடிந்ததும் பெரும்பாலும் நாம் மூச்சை வெளியேதான் விடுகிறோம். ஒட்டிக்கொண்ட துளி உள்ளே போகாமலிருக்க எவ்வளவு அழகான ஏற்பாடு!

பக்கவாதத்தில் இந்த இழுப்பு தாமதமாகத் தொடங்கலாம். தண்ணீர் காத்திருக்காது, கதவு மூடுவதற்குள் வழிந்து மூச்சுக்குழாய்க்குப் போய்விடும். கூழ் மெதுவாக நகர்ந்து அவகாசம் தருகிறது. வாசகர் சொல்வதிலும் உண்மை உண்டு. தசை பலவீனமாக இருந்தால் ரொம்பக் கெட்டியானது தொண்டையிலேயே தங்கிவிடும். எந்தப் பதம் சரி என்பதைப் பரிசோதித்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

மூளையின் மேற்பகுதிக்கும் இதில் பங்குண்டு. பேச்சு பெரும்பாலோருக்கு இடப்பக்கம் என்பது 1860களில் பிரெஞ்சு மருத்துவர் பிரோக்கா காட்டியது. விழுங்குவதற்கோ இரண்டு பக்கமும் வேலை செய்கிறது, ஒன்று சற்றுத் தூக்கலாக. தூக்கலான பக்கம் அடிபட்டால் சிக்கல். 1990களில் மான்செஸ்டரில் ஷாஹீன் ஹம்தி குழுவினர் தலைக்கு வெளியே இருந்து காந்தத்தால் மூளையைத் தூண்டிப் பார்த்தபோது, தேறியவர்களின் மூளையில் அடிபடாத பக்கம் தன் எல்லையை விரித்து வேலையை எடுத்துக்கொண்டிருந்தது.

அந்த விரிவுக்குப் பயிற்சி கைகொடுக்கும் என்றுதான் பல ஆய்வாளர்கள் நம்புகிறார்கள். நம் ஊரிலோ ஸ்கேன் மிஷின் வந்தால் ரிப்பன் வெட்டுவோம். விழுங்கக் கற்றுத்தரும் பேச்சுப் பயிற்சியாளரை வேலைக்கு வைக்க மட்டும் காசு இருக்காது. என் எரிச்சல் இது.

என் பாட்டி புரையேறினால் உச்சந்தலையில் தட்டி, "யாரோ உன்னை நினைக்கிறாங்க கண்ணு" என்பார். நல்ல உடம்புக்கு அது பாசம், இருந்துவிட்டுப் போகட்டும். பக்கவாதம் வந்தவருக்கு அப்படிச் சொல்லி நகர்ந்துவிடாதீர்கள். இருமுகிறார் என்றால் தொண்டை உணர்வாவது விழித்திருக்கிறது. உணர்வே மரத்துப்போனவர்களுக்குத் தண்ணீர் நுரையீரல் வரை போனாலும் இருமல் வராது. குடித்தபின் குரல் ஈரமாகக் களகளக்கலாம். பிறகு காய்ச்சல் வரலாம்.