தெற்காசியாவைத் தொழிற்கல்லூரிக்குள் எப்படிக் கொண்டுவருவது?

தெற்காசியக் கற்கைகளையும் மொழிகளையும் தொழிற்கல்லூரியில் படிப்பிக்க வேண்டும் என்று பேச்செடுத்தால், "நாங்களே தெற்காசியாவில்தானே இருக்கிறோம், இதில் படிக்க என்ன இருக்கிறது?" என்பதுதான் முதலில் வரும் பதில். திருகோணமலையில் ஹோட்டல் துறை மாணவர்களுக்குப் படிப்பிக்கிற எனக்கு இதில் உடன்பாடில்லை. கோணேசர் கோவில் இருக்கும் கோட்டையைப் போர்த்துக்கேயர் கட்டினார்கள் என்பது எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும். ஆனால் எங்கள் மாவட்டத்திலேயே உள்ள திரியாய்க் குன்றில் பல்லவ கிரந்தம் என்ற பழைய தென்னிந்திய எழுத்தில் ஒரு சமஸ்கிருதக் கல்வெட்டு இருப்பதும், கடலோடி வணிகர் கூட்டத்தைப் பற்றி அது சொல்வதும் அநேகருக்குத் தெரியாது. நாளைக்கு வெளிநாட்டு விருந்தினரை அங்கே கூட்டிப்போகப் போகிறவர்கள் இவர்கள்தான்.

அமெரிக்கச் சமூகக் கல்லூரிகளின் அனுபவம் இந்த இடத்தில் நமக்கு உதவும். அங்கே இரண்டு வருடப் படிப்பை முடித்துப் பலர் பல்கலைக்கழகத்துக்கு மாறுவார்கள். எடுத்த பாடத்துக்கான கிரெடிட்டை, அதாவது பட்டத்துக்குச் சேரும் பாடப் புள்ளியை, பல்கலைக்கழகம் ஏற்காவிட்டால் பிள்ளைக்கு நட்டம். அதனால் தெற்காசியா என்று தனிப்பாடம் தொடங்கினால் ஆள் சேருவது கஷ்டம். ஆள் சேராத வகுப்பு நிலைக்காது. ஆகவே உலக வரலாறு, சமயம், இலக்கியம் என ஏற்கெனவே நடக்கிற பாடங்களுக்குள் சில வாரங்களைத் தெற்காசியாவுக்கு ஒதுக்குகிறார்கள். பின்புலமாகப் பெரிய பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் தெற்காசியத் துறை 1948இலேயே வந்துவிட்டது. 1958ஆம் ஆண்டின் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் வந்தபின் தெற்காசிய மொழிகளுக்கு அரசுப் பணமும் கிடைத்தது.

நமக்கும் இந்த வழிதான் சரி. என்விகியூ (தேசிய தொழில் தகைமை) பாடத்திட்டத்தில், மாணவர் எதைச் செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்ற தேர்ச்சி நியமங்கள் ஏற்கெனவே வரையறுக்கப்பட்டவை, நினைத்த மாதிரிப் புதுப் பாடம் சேர்க்க முடியாது. ஆனால் "சுற்றுலா வழிகாட்டல்" என்ற அலகுக்குள் எந்த இடத்தைக் காட்டுவது என்பது ஆசிரியர் கையில்தான் இருக்கிறது.

நான் காட்டுவது திருகோணமலைக்குக் கிட்ட உள்ள பழைய பௌத்தத் தலமான வெல்கம் விகாரையை. நம் ஊரில் நாதனார் கோவில் என்றும் சொல்வார்கள். சோழர் காலத்தில் இதற்கு இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர். பள்ளி என்றால் இங்கே விகாரை. இந்தப் பௌத்தப் பள்ளியில் விளக்கெரிக்கப் பசுக்களைத் தானம் கொடுத்ததைத் தமிழ்க் கல்வெட்டுகள் சொல்கின்றன. பிள்ளைகள் கல்லுக்குக் கிட்டப் போய் எழுத்தைத் தடவிப் பார்ப்பார்கள். "சேர், இது 'ப'தானே?" என்று ஒருவர் கேட்பார், பக்கத்தில் நிற்கும் சிங்கள மாணவி அங்குள்ள புத்தர் சிலையைப் பற்றித் தன் வீட்டில் கேட்டதைச் சொல்வாள். தமிழ், பௌத்தம், சோழர், இலங்கை எல்லாம் ஒரே இடத்தில் வருவதால் பிராந்திய வரலாறு என்று தனியாகத் தலைப்புப் போட வேண்டியதில்லை.

அடுத்தது மொழி. இதில்தான் நாம் அதிகம் கோட்டை விடுகிறோம். ஆங்கிலம் பேசுபவர் தமிழோ சிங்களமோ பழக ஏறத்தாழ 44 வாரம், 1100 மணித்தியாலம் தேவை என்பது அமெரிக்க வெளிவிவகாரப் பயிற்சி நிறுவகத்தின் கணக்கு. தமிழ்ப் பிள்ளை சிங்களம் பழக அவ்வளவு தேவையில்லை. "காமரே யதுர மென்ன" என்றால் "அறையின் சாவி இதோ". சொல்லுக்குச் சொல் ஒரே வரிசை. வினை கடைசியில் வருவதும் அப்படித்தான்.

பிறகு ஏன் நம் பிள்ளைகளுக்குச் சிங்களம் வருவதில்லை? எழுத்தையும் இலக்கணத்தையும் பரீட்சைக்காகப் படிப்பிக்கிறோம், வாயைத் திறக்க விடுவதில்லை. 2007 ஜூலைக்குப் பிறகு அரச சேவையில் சேர்ந்தவர்கள் இரண்டாவது அரச மொழியில் (தமிழருக்குச் சிங்களம், சிங்களவருக்குத் தமிழ்) ஐந்து வருடத்துக்குள் தேர்ச்சி பெற வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. கடந்தகால வினாத்தாளைப் பாடமாக்கிச் சித்தியடைந்துவிட்டு, கவுண்டருக்கு வரும் ஆளிடம் இரண்டு வசனம் கதைக்கத் திணறுபவர்களை எனக்குத் தெரியும். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். படிப்பித்த முறை அப்படி.

அமெரிக்கக் கல்லூரிக்கு இல்லாத ஒன்று நமக்கு இருக்கிறது. அங்கே சிங்களம் படிப்பிக்க ஆள் தேட வேண்டும், இங்கே பக்கத்து வாங்கிலேயே ஆள் இருக்கிறார். வரவேற்புப் பகுதிப் பயிற்சியில் தமிழ்ப் பிள்ளையையும் சிங்களப் பிள்ளையையும் சோடி சேர்க்கிறேன். தமிழ்ப் பிள்ளை சிங்களத்தில் அறை பதிவு செய்யும், மற்றவர் விருந்தினராக நின்று பிழை திருத்துவார். பிறகு இடம் மாறித் தமிழில். கிண்ணியா, மூதூர்ப் பிள்ளைகள் சிலர் இரண்டு மொழியிலும் வெளுத்துக் கட்டுவார்கள், அவர்களைக் குழுத் தலைவராக்கினால் வகுப்பு தானாக ஓடும். சோதனையும் வாய்மொழியாகத்தான் இருக்க வேண்டும். எழுத்தைப் பிறகு பார்க்கலாம்.

ஹிந்தியைப் பற்றியும் யோசிக்க வேண்டும். பக்கத்து நிலாவெளிக் கடற்கரைக்கு இந்திய விருந்தினர் வருகிறார்கள். நம் பிள்ளைகள் பலர் வளைகுடாவுக்குப் போய் நேபாளி, வங்காளதேசத்தவர், பாகிஸ்தானியரோடு வேலை செய்கிறார்கள். பேச்சில் ஹிந்தியும் உருதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் எழுத்தைத் தொடாமல் பேச்சு ஹிந்தி கொஞ்சம் தெரிந்தாலே வேலைத்தளத்தில் பெரிய கைகொடுப்பு.

இதற்கெல்லாம் கோடிக்கணக்கில் பணம் வேண்டாம். கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் மொழி, தொடர்பாடல் கற்கைகளுக்கு ஒரு துறை இருக்கிறது. அடுத்த பாடத்திட்டத் திருத்தத்துக்கு முன் தொழிற்கல்லூரி ஆசிரியர்கள் அவர்களோடு உட்கார்ந்து, ஒவ்வொரு தொழிலுக்கும் தேவையான வசனப் பட்டியலையும் மாவட்டத்துக்குள் போகக்கூடிய இடங்களின் குறிப்பையும் தமிழ், சிங்களம், ஆங்கிலம் என மூன்று மொழியில் தயாரிக்க வேண்டும். தாதியர் வகுப்புக்கு முதலில் செய்யலாம், நோயாளியின் மொழி தெரியாவிட்டால் அங்கேதான் ஆபத்து அதிகம்.