ஒன்பது மணிச் சரம்

நம் உடலில் ஏறக்குறைய எல்லா செல்களும், உள்ளே என்னென்ன புரதங்கள் தயாராகின்றன என்பதை மேற்பரப்பில் ஓயாமல் காட்டிக்கொண்டிருக்கின்றன. முழுப் புரதத்தை அல்ல, அதன் துணுக்குகளை. புரோட்டியசோம் என்ற வெட்டும் கருவி புரதங்களைத் துண்டாடுகிறது. அதில் எட்டு முதல் பத்து அமினோ அமிலங்கள் நீளமுள்ள சில துண்டுகளை எச்எல்ஏ என்ற புரதம் ஏந்திக்கொண்டு வெளியே வருகிறது. இத்துண்டுகள்தாம் பெப்டைடுகள். ரோந்து வரும் டி செல்கள் என்ற நோயெதிர்ப்பு செல்கள் அவற்றைத் தடவிப் பார்க்கின்றன. உடலின் சொந்தத் துண்டு என்றால் கடந்துபோகின்றன. வைரஸின் துண்டு என்றால் அந்த செல்லைக் கொல்கின்றன.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒருவருடைய செல்லில் இந்த வேலையைச் செய்யும் முக்கிய எச்எல்ஏ வகைகள் அதிகபட்சம் ஆறுதான். ஏந்த வேண்டிய பெப்டைடுகளோ ஆயிரக்கணக்கில். எது வந்தாலும் ஏற்க வேண்டும் என்றால் பிடி தளர்வாக இருக்க வேண்டும். தளர்ந்தாலோ ஆபத்து: பக்கத்து செல்லிலிருந்து உதிர்ந்த வைரஸ் துண்டு நலமான செல்லில் ஒட்டிக்கொள்ளும், குற்றமற்ற செல் கொல்லப்படும். எனவே யாரையும் ஏற்கவும் வேண்டும், ஏற்றதை நாள்கணக்கில் விடாமல் பிடிக்கவும் வேண்டும். பாடப்புத்தகங்களில் வரும் பூட்டு–சாவி உவமை இங்கே உதவாது. ஒரு பூட்டுக்கு ஆயிரம் சாவி பொருந்தினால் அது பூட்டே அல்ல.

1987இல் ஹார்வர்டில் பமேலா பியோர்க்மன், டான் வைலி, ஜாக் ஸ்ட்ரோமிங்கர் குழுவினர் எச்எல்ஏ-ஏ2 என்ற வகை மூலக்கூறைப் படிகமாக்கி, அதன் வடிவத்தை எக்ஸ்-கதிர் கொண்டு வரைந்தார்கள். எட்டு இழைகள் சேர்ந்த தட்டையான தளம், அதன் மேல் இரு கரைகளைப் போல இரண்டு திருகுச்சுருள்கள், நடுவே சுமார் 2.5 நானோமீட்டர் நீளத்தில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளம் காலியாக இல்லை. எச்எல்ஏவுக்குச் சொந்தமில்லாத ஏதோ ஒன்று மங்கலாக அதில் கிடந்தது. மங்கலுக்குக் காரணம் படத்தின் குறை அல்ல. படிகத்திலிருந்த ஒவ்வொரு மூலக்கூறும் வெவ்வேறு பெப்டைடை ஏந்தியிருந்ததால், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து தெரிந்தன. அறிவியலில் எனக்கு மிகப் பிடித்த படங்களுள் அந்த மங்கலும் ஒன்று.

அதைப் பிரித்துப் படித்தது 1991இல், ஜெர்மனியின் ட்யூபிங்கனில். ராம்மன்சே குழுவினர் செல்களிலிருந்து எச்எல்ஏவைப் பிரித்தெடுத்து, அமிலத்தால் பெப்டைடுகளைக் கழற்றினார்கள். தனித்தனியாகப் பிரிக்காமல் கலவையாகவே முதல் இடத்தில் எந்த அமினோ அமிலம், இரண்டாவதில் எது என்று வரிசையாகப் படித்தார்கள். பல இடங்களில் எல்லாம் கலந்துவந்தன. ஆனால் எச்எல்ஏ-ஏ2வில் இரண்டாம் இடத்தில் லூசினும் ஒன்பதாம் இடத்தில் வேலினும் தனித்து எழுந்து நின்றன.

புதிர் அங்கே அவிழ்ந்தது. பெப்டைடை ஒன்பது மணி கோத்த சரமாக நினைத்துக்கொள்ளுங்கள்; ஒவ்வொரு மணியும் ஓர் அமினோ அமிலம். எந்தப் பெப்டைடாக இருந்தாலும் அதன் இரு முனைகளும் வேதியியல்படி ஒரே மாதிரிதான்: ஒரு பக்கம் அமினோ தொகுதி, மறுபக்கம் கார்பாக்சில் தொகுதி. பள்ளத்தின் இரு கோடிகளிலும் மாறாமல் இருக்கும் சில அமினோ அமிலங்கள் இந்த முனைகளை ஹைட்ரஜன் பிணைப்புகளால் பற்றுகின்றன. எல்லாப் பெப்டைடுக்கும் பொதுவான பிடி இது. அதோடு பள்ளத்தின் அடியில் உள்ள குழிகளில் இரண்டாம் மணியும் கடைசி மணியும் இறங்கி நங்கூரமிடுகின்றன. மற்ற மணிகளுக்குப் பெரிய நிபந்தனை இல்லை. சரத்தின் நடுப்பகுதி சற்றே மேலே வளைந்து நிற்கிறது. டி செல் முக்கியமாகத் தொட்டறிவது அந்த வளைவைத்தான்.

பெப்டைடு கிடைக்காத எச்எல்ஏ நிலைகுலைந்து பிரிந்துவிடும். அதாவது பெப்டைடு அதன் கட்டுமானத்திலேயே ஒரு பாகம். காலிப் பள்ளங்கள் வெளியே நீடிக்காததால், அந்நியத் துண்டு வந்து ஒட்டவும் இடம் குறைகிறது.

குழிகளின் வடிவம் ஆளுக்கு ஆள் மாறுகிறது. எச்எல்ஏ-பி27 என்ற வகையில் இரண்டாம் மணிக்கான குழி ஆர்ஜினினைத்தான் விரும்பும். ஒரே வைரஸின் வெவ்வேறு துண்டுகளை வெவ்வேறு மனிதர்களின் செல்கள் காட்டுவது இதனால்தான்.

குழி மாறினால் என்ன ஆகும் என்பதை அபகாவிர் என்ற எச்ஐவி மருந்து காட்டியது. எச்எல்ஏ-பி*57:01 உள்ளவர்களில் பலருக்கு அது காய்ச்சல், தடிப்பு, சில சமயம் உயிராபத்து வரை கொண்டுபோனது. 2012இல் காரணம் தெரிந்தது. மருந்து பள்ளத்துக்குள்ளேயே, கடைசி மணிக்கான குழியருகே போய் அமர்ந்துகொள்கிறது. வழக்கமாக அங்கே ட்ரிப்டோஃபேன் போன்ற பருத்த அமினோ அமிலம் இறங்கும். மருந்து இடத்தைக் குறுக்கிவிடுவதால் ஐசோலூசின், லூசின் போன்ற சிறியவையே பொருந்துகின்றன. அதுவரை செல் காட்டியிராத, ஆனால் உடலின் சொந்தப் புரதங்களிலிருந்தே வந்த பெப்டைடுகள் வெளியே தெரியத் தொடங்குகின்றன. டி செல்களுக்கு அவை அந்நியம், தாக்குகின்றன.

இப்போது அபகாவிர் எழுதும் முன் மரபணுச் சோதனை செய்கிறார்கள். பி*57:01 இருந்தால் மருந்தை மாற்றிவிடுகிறார்கள்.