வீசிங் நின்றுவிட்டால் மூச்சுக்குழாய் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை

போன வாரம் வந்தவருக்கு நாற்பதைத் தாண்டி ஒன்றிரண்டு வயதுதான் இருக்கும். சிகரெட்டைத் தொட்டதே இல்லை, சின்ன வயதிலிருந்தே இளைப்பு. ஸ்பைரோமெட்ரியில், அதாவது ஊதும் காற்றை அளக்கும் கருவியில், ஊதச் சொல்லி, குழாயை விரிக்கும் மருந்து கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊதச் சொன்னோம். அளவு ஏறவே இல்லை. இத்தனை வருஷமாக என்ன எடுத்தீர்கள் என்று கேட்டால் பையிலிருந்து மாத்திரை அட்டைகளாக வருகிறது. அதில் மெடிக்கலில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டும் இருக்கிறது. "இன்ஹேலர் எழுதித்தான் கொடுத்தாங்க டாக்டர், பழகிடும்னு சொன்னாங்க, விட்டுட்டேன்."

இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த்தான் எழுதுகிறேன்.

ஆஸ்துமா என்றால் குழாய் சுருங்கும், மருந்து இழுத்தால் விரியும், அவ்வளவுதான் என்று நினைக்கிறீர்கள். சுருங்காத நாட்களிலும் உள்ளே அழற்சி, அதாவது புண்பட்டதுபோன்ற வீக்கம், இருக்கிறது. அது வருஷக்கணக்கில் தொடர்ந்தால் குழாயின் சுவரே மாறுகிறது. உள்படலத்துக்கு அடியில் தழும்புபோல் கொலாஜன் என்ற நார்ப்பொருள் படிகிறது, தசை பருக்கிறது, சளி சுரக்கும் செல்கள் பெருகுகின்றன. ஆஸ்துமாவில் இறந்தவர்களின் மூச்சுக்குழாய்ச் சுவர் தடித்திருப்பதை ஹூபர், கோஸ்லர் என்ற இருவர் 1922லேயே அளந்து எழுதிவிட்டார்கள். பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகளிடமே இந்தத் தடிப்பைப் பார்க்கிறோம். ஆரம் பாதியாகக் குறைந்தால் காற்றுக்கான தடை கணக்குப்படி 16 மடங்கு, அதனால் கொஞ்சம் தடித்தாலும் அது கொஞ்சமல்ல.

சி.ஓ.பி.டி. என்ற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில் பாதிப்பு இன்னும் ஆழத்தில். 2 மில்லிமீட்டருக்கும் குறைவான சின்னக் குழாய்கள் குறுகி, அடைபட்டு, பல இடங்களில் இல்லாமலே போகின்றன. அவற்றைச் சுற்றி இழுத்துப் பிடித்திருக்கும் காற்றறைகளும் அழிவதால், மூச்சை விடும்போது குழாய் மடங்கிக்கொள்கிறது. போன காற்றறை திரும்ப வராது. இது பீடி, சிகரெட்காரர்களுக்கு மட்டும் வருவதல்ல, வருஷக்கணக்கில் விறகடுப்பு ஊதிய அம்மாக்களுக்கும் வருகிறது. அவர்கள் "வயசாச்சு, அதான் மூச்சு வாங்குது" என்றே காலத்தைத் தள்ளிவிடுகிறார்கள்.

சரி, அந்தப் "பழகிடும்" விஷயத்துக்கு வருவோம். அழற்சியைக் குறைக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர் போதைப் பொருள் அல்ல. நிறுத்தினால் இளைப்பு திரும்ப வருவது நோய் இன்னும் இருப்பதால்தான். சர்க்கரை மாத்திரையை நிறுத்தினால் சர்க்கரை ஏறுகிறதே, மாத்திரை பழகிவிட்டது என்றா சொல்வீர்கள்? ஸ்டீராய்டு என்ற பெயருக்குப் பயப்படுகிறவர்கள் அளவைப் பாருங்கள். இன்ஹேலரில் ஒரு நாளைக்குப் பலருக்கு 200 முதல் 400 மைக்ரோகிராம். நீங்கள் பயமில்லாமல் விழுங்கும் 10 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் மாத்திரை ஒன்றிலேயே 10,000 மைக்ரோகிராம். மருந்துகள் வேறுவேறு, நேருக்கு நேர் ஒப்பிடக்கூடாதுதான், ஆனாலும் மாத்திரை ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கச் சுற்றுகிறது, இன்ஹேலர் மருந்து வேண்டிய இடத்துக்கு நேராகப் போகிறது. கடைசி ஸ்டேஜுக்குத்தான் பம்ப் என்பதும் தலைகீழான பேச்சு. ஆஸ்துமாவில் ஆரம்பத்திலேயே எடுத்தால்தான் கடும் இளைப்பு வருவது குறையும். ஏற்கெனவே விழுந்த தழும்பை எந்த மருந்தும் முழுசாக அழிக்காது.

இளைக்கும்போது உடனே மூச்சைத் திறந்துவிடும் சால்புட்டமால் இன்ஹேலரை மட்டும் இழுத்துச் சமாளிக்கிறவர்களே, அது தசையைத் தளர்த்தும், அழற்சியைத் தொடக்கூட தொடாது. அதை மட்டும் நம்பி ஆஸ்துமாவுக்குச் சிகிச்சை வேண்டாம் என்று சர்வதேச வழிகாட்டுதல் 2019லேயே சொல்லிவிட்டது. வருஷத்துக்கு மூன்று டப்பாவோ அதற்கு மேலோ காலியானால் நோய் கட்டுக்குள் இல்லை, உடனே வாருங்கள். புகைப்பதை இன்றே நிறுத்துங்கள். போனது திரும்பாது, ஆனால் இனி போகும் வேகம் குறையும். கதவைச் சாத்திக்கொண்டு கொசுவர்த்தி ஏற்றாதீர்கள். ஸ்டீராய்டு இழுத்த பிறகு வாய் கொப்பளித்துத் துப்புங்கள், இல்லாவிட்டால் வாயில் பூஞ்சை வரலாம்.

பெண்ணுக்கு வரன் பார்க்கிறோம் என்று இன்ஹேலரை ஒளித்துவைக்கும் பெற்றோரே, தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். அப்புறம், அடுத்த முறை வரும்போது இன்ஹேலரைக் கையோடு கொண்டுவந்து எங்கள் முன்னால் ஒரு தடவை இழுத்துக் காட்டுங்கள். நிறைய பேர் தப்பாகத்தான் இழுக்கிறார்கள், மருந்து தொண்டையோடு நின்றுவிடுகிறது.