மறுபடியும் ஒரு கட்டில் கேஸ்

"மறுபடியும் கட்டிலா டாக்டர்?" என்று ஆபரேஷன் தியேட்டரில் சிஸ்டர் கேட்டார். ஆமாம், வீட்டிலேயே கட்டில் செய்யப் போய் கையை வெட்டிக்கொண்டவர்தான். ஒரே மாதத்தில் மூன்றாவது. கை அறுவை சிகிச்சை செய்கிறவனுக்கு மர வேலையைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டால், ஒரு கட்டிலை எப்படிச் செய்யக் கூடாது என்பது மட்டும் நன்றாகத் தெரியும், அந்தப் பக்கத்தைத்தான் நான் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஸ்டூல் செய்தவர்களும் அலமாரி செய்தவர்களும் வராமல் இல்லை. ஆனால் கட்டிலில்தான் ஆள் உயரத்தைவிட நீளமான பக்கச் சட்டங்களை நீளவாக்கில் அறுக்க வேண்டும், அது முடிந்த கையோடு மெத்தையைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களான ரீப்பர்கள் 12, 15ஐ ஒரே அளவில் திரும்பத் திரும்ப அறுக்க வேண்டும். முதல் வேலையில் மரம் அடங்காது. இரண்டாவதில் மனம் அடங்காது. இந்த மூன்று பேரில் இரண்டு பேருக்கு அடிபட்டது ரீப்பரில், அதுவும் கடைசி ஒன்றிரண்டு பாக்கி இருக்கும்போது.

சரி, என்னை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன். "கையுறை போட்டிருந்தேனே டாக்டர்!" மூன்று பேரும் இதைச் சொன்னார்கள். போட்டிருந்ததால்தான் இவ்வளவு மோசம் என்று வலியில் கிடப்பவரிடம் சொல்ல மனம் வராது, அதனால் இங்கே சொல்கிறேன். சுழலும் இயந்திரத்தின் முன்னால் கையுறை போடாதீர்கள். மேசைக்கு மேலே வட்ட பிளேடு சுழலும் ரம்பத்துக்குப் (டேபிள் சா) போடாதீர்கள், போல்ட்டுக்குத் துளை போடும்போதும் போடாதீர்கள். தோல் கையுறையும் வேண்டாம். அட்டையில் "வெட்டுத் தாங்கும்" என்று எழுதியிருக்கும் கையுறையும் வேண்டாம், அது கத்தி வழுக்கினால் தாங்கும், அவ்வளவுதான். பிளேடின் பல்லில் மாட்டினால் சாதாரணத் துணியாவது கிழியலாம், அந்த உறுதியான நூல் கிழியாமல் கையைச் சேர்த்து உள்ளே இழுக்கும்.

"அப்போ வெறும் கை வெட்டுப்படாதா?" என்று ஒருவர் கோபமாகவே கேட்டார். படும். ஆனால் பட்ட இடத்தில் படும். விரலை மடக்குகிற தசை விரலில் இல்லை, முழங்கைக்குக் கீழே முன்கையில் இருக்கிறது, விரலுக்குள் ஓடுவது கயிறு மாதிரியான தசைநாண் மட்டும். கையுறை சுற்றிக்கொண்டு இழுக்கும்போது அந்தக் கயிறு முன்கைத் தசையிலிருந்தே பிய்ந்து வந்துவிடும். நரம்பும் ரத்தக்குழாயும் ரப்பர் போல இழுபட்டு உள்ளுக்குள் கிழிந்திருக்கும், வெளியே பார்த்தால் தெரியாது. விரலின் ரத்தக்குழாய் சுமார் 1 மில்லிமீட்டர் அகலம். அதை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, தலைமுடியைவிட மெல்லிய நூலால் தைக்கிறோம். இழுபட்டுக் கிழிந்த குழாயை எங்கே தொடங்கித் தைப்பது? கையுறை மரம் தூக்கும்போது போடுங்கள், வார்னிஷ் அடிக்கும்போது போடுங்கள். சுவிட்சைத் தொடும் முன் கழற்றிவிடுங்கள். மோதிரம், வாட்ச், கையில் கட்டிய கயிறு, தொங்கும் முழுக்கைச் சட்டை எல்லாவற்றுக்கும் இதேதான்.

"பட்டதும் கையை இழுத்துடலாம்" என்பது அடுத்த நம்பிக்கை. ஒரு கணக்குப் போடுங்கள். 10 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றினால் அதன் விளிம்பு மணிக்கு சுமார் 190 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. மனிதன் சுதாரிக்க 0.2 வினாடி வேண்டும். 40 பல் பிளேடாக இருந்தால் அதற்குள் 500க்கும் மேற்பட்ட பற்கள் கடந்துவிடும். அந்தப் பற்கள் கத்தியும் அல்ல, சுமார் 3 மில்லிமீட்டர் அகலத்துக்கு எலும்பையும் சதையையும் தூளாக்கிக்கொண்டு போகும், அந்தத் தூளை வைத்து நான் எதையும் ஒட்ட முடியாது.

மர வேலை வீடியோக்களில் பிளேடை மூடும் கார்டைக் கழற்றி வைத்திருப்பது வெட்டு கேமராவில் தெரிவதற்காக. உங்களுக்கு எதற்கு? அதோடு சேர்த்து, பிளேடுக்குப் பின்னால் நிற்கும் அந்தச் சிறிய தகட்டையும் கழற்றிவிடுகிறார்கள். நீளச் சட்டம் அறுபட அறுபட உள்ளே இருக்கும் இறுக்கம் விடுபட்டு, வெட்டின் இரண்டு பக்கமும் பிளேடை நெருக்கும். அந்த நெருக்கலைத் தடுக்கத்தான் அந்தத் தகடு. அது இல்லாவிட்டால் பின்பக்கப் பற்கள் மரத்தைத் தூக்கி உங்கள் மேல் எறியும், மரத்தைப் பிடித்திருந்த கை அந்த நொடியில் பிளேடுக்குப் போகும். அதனால் பிளேடுக்கு நேர் எதிரே நிற்காமல் சற்று ஒதுங்கி நில்லுங்கள். கடைசிச் சாண் நீளத்தைத் தள்ளுகட்டையால் தள்ளுங்கள். அறுபட்டு வெளியே வரும் முனையைத் தாங்க ஒரு ஸ்டாண்ட் வையுங்கள். வீட்டில் யாரையாவது பிடிக்கச் சொன்னால் தாங்க மட்டும் சொல்லுங்கள், இழுக்கச் சொல்லாதீர்கள், உதவிக்கு வந்தவர் அன்போடு கோணலாக இழுத்துத்தான் எங்கள் இரண்டாவது நோயாளியின் கட்டைவிரல் போனது.

ரம்பம் இல்லையென்று, கையில் பிடித்து இரும்பு அறுக்கும் ஆங்கிள் கிரைண்டரில் பல் வைத்த மர பிளேடை மாட்டுகிறவர்களே, உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன், வேண்டாம். சின்ன கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று வரை ஓடும், பல் மரத்தில் ஒருமுறை கடித்துக்கொண்டால் இயந்திரமே கையிலிருந்து துள்ளி முகத்துக்கோ தொடைக்கோ போகும். கைரம்பத்தால் அறுங்கள். ஒரு நாள் கூடுதலாக ஆகும், ஆகட்டும்.

உளிக்காரர்களும் சிரிக்க வேண்டாம். ஒரு சட்டத்தின் முனையை (கழுந்து) இன்னொன்றில் செருகத் துளை செதுக்கும்போது கட்டையை இடது கையில் பிடித்துக்கொண்டு வலது கையால் குத்துவார்கள். காயம் அரை அங்குலம்கூட இருக்காது, பிளாஸ்டர் ஒட்டிவிட்டு வேலையைத் தொடர்வார்கள், மூன்று வாரம் கழித்து விரல் மடங்கவில்லை என்று வருவார்கள். அறுந்த தசைநாண் அதற்குள் மேலே சுருண்டு போயிருக்கும். முதல் சில நாட்களில் வந்திருந்தால் நேராகத் தைத்திருக்கலாம். கட்டையை கிளாம்ப் போட்டு இறுக்குங்கள், உளியின் பாதையில் கை இருக்கக் கூடாது.

எல்லாம் சொல்லியும் நடந்துவிட்டால்: சுத்தமான துணியால் காயத்தை அழுத்திப் பிடியுங்கள், கையை உயர்த்தி வையுங்கள், எந்தப் பொடியும் தூவாதீர்கள். மற்ற விரல்களில் மோதிரம் இருந்தால் வீங்கும் முன் கழற்றுங்கள். துண்டான விரலை ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். விரலை நேரடியாக ஐஸில் போட்டால் அது உறைந்து செத்துப்போகும், மூன்றாவது நோயாளி அப்படித்தான் கொண்டுவந்தார். சாப்பிடவோ குடிக்கவோ கொடுக்காதீர்கள், மயக்க மருந்து தேவைப்படும். புறப்படும் முன் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, துண்டான விரலை ஒட்டும் வசதி அங்கே இருக்கிறதா என்று கேட்டுவிட்டு நேராக அங்கே போங்கள்.