ஆண்மைக்குறைவா? இதயத்தையும் பார்த்துவிடுங்கள்: அரசுத் திட்டங்களில் என்னென்ன கிடைக்கும்

திருநெல்வேலி மாவட்டத்தில் முக்கூடலோ முன்னீர்பள்ளமோ, எந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாலும் தொற்றா நோய்ப் பிரிவு உண்டு. 30 வயது தாண்டிய யாரும் அங்கே சர்க்கரையையும் பிரஷரையும் காசில்லாமல் பார்த்துக்கொள்ளலாம், மாத்திரையும் இலவசம். அதை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கத்தான் 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. விறைப்புக் குறைபாடு உள்ள ஆண்களும் முதலில் போகவேண்டிய இடம் இதுதான். ஆனால் பலர் போவதில்லை.

முதலில் அங்கே போகச் சொல்வதற்குக் காரணம் இரத்தக் குழாய். ஆணுறுப்புக்குப் போகும் தமனி 1 முதல் 2 மில்லிமீட்டர் அகலம்தான், இதயத் தமனி 3 முதல் 4. சர்க்கரை, பிரஷர், கொழுப்பு, பீடி நான்கும் இரண்டின் உட்சுவரையும் ஒன்றுபோலத்தான் கெடுக்கின்றன. சின்னக் குழாய் முதலில் மாட்டிக்கொள்கிறது. அதனால்தான் நெஞ்சுவலி வருவதற்கு இரண்டு முதல் ஐந்து வருடம் முன்பே பலருக்கு விறைப்பு குறைகிறது. குறைந்தவர்களுக்கெல்லாம் இதயநோய் என்று அர்த்தமில்லை. மனக்கவலை, குடி, சில பிரஷர் மாத்திரைகள்கூடக் காரணமாகலாம். (அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.) விடியற்காலை விறைப்பு வழக்கம்போல் இருந்தால் மனசு பக்கம்தான் சந்தேகம் போகும். மெல்ல மெல்லக் குறைந்து அதுவும் நின்றுபோயிருந்தால் குழாயைப் பார்த்தே ஆகவேண்டும். லாட்ஜில் அறை எடுத்து ‘நரம்புத் தளர்ச்சி’க்கு லேகியம் விற்பவர் பிரஷர்கூடப் பார்க்கமாட்டார்.

சரி, அங்கே போய் எப்படிச் சொல்வது? பதிவு செய்யும் நர்ஸ் பெரும்பாலும் பெண், பின்னால் பக்கத்துத் தெருக்காரர் நிற்பார். சர்க்கரை பார்க்க வந்தேன் என்று சீட்டு வாங்குங்கள். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும், “சார், தனியாப் பேசணும். ஆறு மாசமா விறைப்பு சரியா இல்ல” என்றால் போதும். எந்த மாத்திரை சாப்பிடுகிறீர்கள், பீடி உண்டா, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்று அவரே கேட்பார். கொழுப்புப் பரிசோதனையும் இசிஜியும் கேட்டு வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பார்.

அடைத்த இதயக் குழாயைத் திறந்துவைக்க ஸ்டென்ட் என்ற சின்ன வலைக்குழாய் வைக்கும் அளவுக்குப் போனால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு கைகொடுக்கும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. குடும்பத்தின் ஆண்டு வருமான வரம்பு 2022 ஜனவரியில் 1,20,000 ரூபாயாக உயர்ந்தது. வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதாருடன் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் பதியலாம். படுக்கையில் கிடக்கும்போது அட்டைக்கு அலையமுடியாது, இப்போதே வாங்கி வையுங்கள்.

இன்னொன்று, இதயம் காப்போம் திட்டம். 2023 ஜூனில் வந்தது. நெஞ்சுவலியோடு துணை சுகாதார நிலையத்துக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போனால் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளை உடனே கொடுத்துவிட்டுத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு 108-இல் அனுப்புவார்கள்.

அந்த நேரத்தில் ஒரு விஷயத்தை மறைக்கவே கூடாது. விறைப்புக்காக மெடிக்கலில் வாங்கிய சில்டெனாஃபிலை 24 மணி நேரத்துக்குள்ளோ, டடாலாஃபிலை 48 மணி நேரத்துக்குள்ளோ போட்டிருந்தால் வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். அதன்மேல் நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையும் சேர்ந்தால் இரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்கு இறங்கிவிடும். மனைவி பக்கத்தில் இருக்கிறாள், மகன் இருக்கிறான் என்று கூச்சப்பட்டால், அவர்களைக் கொஞ்சம் வெளியே நிற்கச் சொல்லிவிட்டாவது சொல்லுங்கள்.